இருதயத்தில் மெஷின் வைத்தால் விசுவாசம் போய்விடுமா?



 இந்த மாதம் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். மேடையில் நின்று யாரும் இதை அதிகமாகப் பேசுவதில்லை. ஆனால் ஆராதனை முடிந்து செருப்பு மாட்டுகிற இடத்தில், பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற இடத்தில், வீட்டு ஜெபம் முடிந்து டீ குடிக்கிற நேரத்தில் இது மெதுவாக வெளியே வரும்.

"பாஸ்டர், நெஞ்சுல பேஸ்மேக்கர் வெக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார். வெச்சுக்கிட்டா அது அவிசுவாசம் ஆயிடுமா? இத்தனை வருஷம் சுகம் தர்ற தேவன்னு சாட்சி சொல்லிட்டு, இப்ப மெஷினை நம்புறோம்னு ஆயிடாதா?"

தேவபிள்ளைகளே, இந்தக் கேள்வியைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். கேட்கிறவர் பயந்துபோய்க் கேட்கிறார். ஆஸ்பத்திரியைப் பார்த்து ஒரு பயம், சபையைப் பார்த்து இன்னொரு பயம். நாம் சொல்லுகிற பதிலில் ஒரு ஜீவன் தொங்குகிறது. ஆகையால் நிதானமாக யோசிப்போம்.

வியாதி என்ன என்று முதலில் அறிவோம்

கீழ் கோத்தகிரி பக்கம் நம் ஜனங்கள் மேடு ஏறியே பழகினவர்கள். தோட்டத்துக்கு மேடு, வீட்டுக்கு மேடு, சபைக்கும் மேடு. இலை மூட்டையைச் சுமந்துகொண்டு ஏறின ஒரு தாயாரை நினைத்துக்கொள்ளுங்கள். முன்பு ஒரே மூச்சில் ஏறின வழியில் இப்போது நாலு இடத்தில் நிற்கிறார். "வயசாயிடுச்சு" என்கிறார். "பனி ஒத்துக்கல" என்கிறார். ராத்திரியில் படுத்தால் மூச்சு முட்டுகிறது. தலையணைமேல் தலையணை வைத்து உட்கார்ந்தபடி தூங்குகிறார். சாயங்காலத்தில் கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. இது வயசும் அல்ல, பனியும் அல்ல. இப்படி இருந்தால் இருதயத்தைச் சோதிக்க வேண்டும்.

இருதயச் செயலிழப்பு என்று சொன்னவுடனே இருதயம் நின்றுபோய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அது பலவீனப்பட்டிருக்கிறது என்றுதான் அர்த்தம். நல்ல இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தன் இடது அறையில் உள்ள இரத்தத்தில் 100-க்கு 55 முதல் 70 பங்கு வரை வெளியே தள்ளும். எக்கோ ஸ்கேனில் இது 35 அல்லது அதற்கும் கீழே வந்தால் பலவீனம் கடுமையானது.

இதிலே சிலருக்கு இன்னொரு கோளாறும் சேர்ந்திருக்கும். இருதயத்துக்குள் மின்சாரம்போல ஒரு கட்டளை ஓடுகிறது; அது போகிற இடது பாதை அடைபட்டிருந்தால், வலது பக்கம் முதலில் சுருங்கும், இடது பக்கம் பிந்திச் சுருங்கும். ஆராதனையில் ஒரு பக்கத்தார் கைதட்டி முடித்த பிறகு மறுபக்கத்தார் தட்டினால் எப்படி இருக்கும்? சத்தம் இருக்கும், தாளம் இருக்காது. அந்த இருதயம் உழைக்கும், ஆனால் உழைப்பு வீணாய்ப் போகும்.

இப்படிப்பட்டவர்களுக்குத்தான் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகத் துடிக்க வைக்கிற விசேஷித்த பேஸ்மேக்கர். துடிப்பு குறைந்தவர்களுக்கு வைக்கிற சாதாரண பேஸ்மேக்கரிலிருந்து இது வேறுபட்டது. கழுத்தெலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில், தீப்பெட்டி போன்ற ஒரு சிறு பெட்டி. அதிலிருந்து மெல்லிய கம்பிகள் இரத்தக் குழாய் வழியாக இருதயத்துக்குப் போகும். பெரும்பாலும் அந்த இடத்தை மாத்திரம் மரத்துப்போகச் செய்து இதை வைத்துவிடுகிறார்கள், நெஞ்சைப் பிளப்பதில்லை. பிரான்ஸ் தேசத்தில் 1994-ல் இந்த முறையை முதலில் செய்து பார்த்தார்கள். அதன் பிறகு, அடைபட்ட பாதையைத் தாண்டி இருதயத்தின் சொந்த மின்பாதையிலேயே கம்பியைப் பொருத்துகிற முறையும் வந்தது. இந்தத் துறையில் உலகம் அறிந்த பெயர்களில் நம் தமிழர்களும் உண்டு: அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பணிபுரிந்து ஆராய்ந்த டாக்டர் புகழேந்தி விஜயராமன், மதுரை வேலம்மாள் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலிருந்து பல ஆய்வுகளை வெளியிட்ட டாக்டர் சண்முகசுந்தரம் பொன்னுசாமி.

ஒன்றைக் கவனியுங்கள். மூச்சு வாங்குகிற எல்லோருக்கும் இந்தக் கருவி அல்ல. முதலில் மாத்திரைகள், சில மாதம் ஒழுங்காகச் சாப்பிட்ட பிறகும் பலவீனம் மாறாமல், ஈசிஜியில் அந்தத் தாளப் பிசகும் தெரிந்தால்தான் இந்தப் பேச்சே வரும். கருவி வைத்த பிறகும் மாத்திரை தொடரும்.

வேதம் என்ன சொல்லுகிறது?

மருந்தே கூடாது என்று போதிக்கிற சபைகள் நம் பெந்தெகொஸ்தே வட்டாரத்திலேயே உண்டு. அவர்களைப் பரியாசம் பண்ண நாம் எழுதவில்லை. அவர்கள் காட்டுகிற வசனத்தை நேர்மையாகப் பார்ப்போம். ஆசா ராஜாவுக்குக் காலில் கொடிய வியாதி வந்தது. அவன் கர்த்தரைத் தேடாமல் வைத்தியர்களிடம் போனான் (2 நாளாகமம் 16:12). "பார்த்தீர்களா, வைத்தியரிடம் போனது பாவம்!" என்பார்கள்.

பிரியமானவர்களே, அந்த அதிகாரத்தை மேலிருந்து வாசியுங்கள். ஆசா அதற்கு முன்னமே யுத்தத்தில் கர்த்தரை விட்டு சீரியா ராஜாவின்மேல் சாய்ந்தான். கடிந்துகொண்ட ஞானதிருஷ்டிக்காரனைக் காவலில் வைத்தான். வியாதியிலும் அதே இருதயம். தேடவேண்டியவரைத் தேடாமல் விட்டான். குற்றம் அங்கே இருக்கிறது.

இப்போது எசேக்கியாவைப் பாருங்கள். அவன் சுவர்ப்புறமாய்த் திரும்பி அழுது ஜெபித்தான். கர்த்தர் அவனுடைய ஆயுசோடே 15 வருஷம் கூட்டிக்கொடுப்பதாக வாக்குக் கொடுத்தார். வாக்கு கையில் வந்தாயிற்று! ஆனாலும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார் (ஏசாயா 38). வாக்குத்தத்தம் கிடைத்தவனுக்கு அத்திப்பழம் எதற்கு? அது அவிசுவாசம் என்றால், அதைச் சொன்ன தீர்க்கதரிசியை என்ன சொல்லுவது? கொடுக்கிறவர் கர்த்தர், வழியாக வந்தது அத்திப்பழம். இரண்டுக்கும் அங்கே சண்டையில்லை.

பவுல் அப்போஸ்தலன் கைகளினாலே அற்புதங்கள் நடந்தன. ஆனாலும் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிக்காரனாகவே விட்டுவந்ததாக எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). "அவனுக்கு விசுவாசம் பத்தவில்லை" என்று ஒரு வார்த்தையும் அங்கே இல்லை. பவுலோடு கடைசிவரை இருந்த லூக்கா ஒரு வைத்தியன். நல்ல சமாரியனும் வழியில் கிடந்தவனுடைய காயங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான், கட்டுப்போட்டான், சத்திரத்துக்குச் செலவும் கொடுத்தான். அவனைத்தான் ஆண்டவர் மாதிரியாகக் காட்டினார்.

நம் தேசத்திலும் ஜெபிக்கிற கைகளே ஆஸ்பத்திரிகளைக் கட்டின. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கினது இன்று சிஎம்சி ஆக நிற்கிறது. கோத்தகிரியிலேயே மெடிக்கல் பெல்லோஷிப் ஆஸ்பத்திரி இருக்கிறதே! சுகமளிக்கும் கூட்டங்களால் பேர்பெற்ற ஓரல் ராபர்ட்ஸ், ஜெபமும் மருத்துவமும் ஒன்றாய் நடக்கவேண்டும் என்று அமெரிக்காவில் துல்சா பட்டணத்தில் 1981-ல் பெரிய ஆஸ்பத்திரியையே திறந்தார். கடன் பாரத்தால் 1989-ல் அது மூடப்பட்டது. ஆனால் சுகமளிக்கும் ஊழியக்காரர் ஒருவர் டாக்டரைச் சத்துருவாக எண்ணவில்லை என்பதற்கு அது சாட்சி.

யாருடைய உயிர்?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். ஒரு விசுவாசி எல்லாவற்றையும் விசாரித்து, தெளிந்த மனதோடு, "எனக்கு இந்தக் கருவி வேண்டாம், என் நாட்கள் அவர் கரத்தில் இருக்கிறது" என்று சொன்னால் அது அவருடைய மனச்சாட்சி. அவரைக் கட்டாயப்படுத்த நமக்கு அதிகாரமில்லை. அதேபோல "வேண்டும்" என்று சொல்லுகிறவரை நியாயந்தீர்க்கவும் அதிகாரமில்லை.

ஆனால் நடப்பது என்ன? வியாதியாய்ப் படுத்திருப்பவர் ஒருவர், தீர்மானம் பண்ணுகிறவர்கள் பத்துப் பேர். "அக்கா, பயப்படாதீங்க, மாத்திரையைத் தூக்கிப் போடுங்க, கர்த்தர் பாத்துக்குவார்" என்று சொல்லிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்த் தூங்குகிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு முட்டி எழுந்து உட்காருகிறவர் அந்த அக்கா. இது யாருடைய விசுவாசம்? சொன்னவருடையதா, படுத்திருப்பவருடையதா? சொன்னவருக்கு இதில் என்ன நஷ்டம்?

தன் ஜீவனைக் கொடுப்பது தியாகம். அடுத்தவன் ஜீவனைக் கொடுத்துவிட்டு அதைத் தன் விசுவாசம் என்று எண்ணுவது தியாகம் அல்ல. "ஆபிரகாம் ஈசாக்கைக் கொடுக்கவில்லையா?" என்று ஒருவர் கேட்கலாம். ஐயா, கத்தியை ஓங்கின கையைக் கர்த்தர் தடுத்தாரே! பிள்ளையின்மேல் கையைப் போடாதே என்று வானத்திலிருந்து கூப்பிட்டாரே! அங்கே தகனிக்கப்பட்டது ஈசாக்கு அல்ல, ஆட்டுக்கடா. ஈசாக்கு தகப்பனோடு நடந்து வீட்டுக்குத் திரும்பினான்.

தேவாலயத்து உப்பரிகையில் நிற்கவைத்துக் குதிக்கச் சொன்னவன் யார் என்று நமக்குத் தெரியும். வசனத்தைக் காட்டித்தான் சொன்னான். ஆண்டவர் குதிக்கவில்லை. அப்படியிருக்க, பலவீனமான ஒரு தாயாரை அந்த உச்சியில் நிறுத்தி, கீழே நின்று நாம் அல்லேலூயா சொல்லலாமா?

பாதிச் சாட்சி

இன்னொரு காரியம் உண்டு. இதைச் சொல்ல மனம் கஷ்டப்படுகிறது, சொல்லாமலும் இருக்க முடியாது. சிலர் கோயம்புத்தூரில் போய்க் கருவி வைத்துக்கொள்ளுகிறார்கள். கர்த்தர் கிருபையால் தேறி வருகிறார்கள். சபையில் சாட்சி சொல்லும்போது "டாக்டர்கள் கைவிட்டார்கள், கர்த்தர் தொட்டார், இன்று மேடு ஏறுகிறேன்" என்று மாத்திரம் சொல்லுகிறார்கள். சேலைத் தலைப்புக்குக் கீழே, சட்டைக்குக் கீழே இருக்கிற தழும்பைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. கர்த்தருக்கு மகிமை குறைந்துவிடுமே என்று எண்ணுகிறார்கள்.

அதைக் கேட்டுக்கொண்டு கடைசி வரிசையில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கும் அதே வியாதி. "அவங்களுக்கு மருந்தில்லாம சுகம் கெடச்சுதே, எனக்கு ஏன் கெடைக்காது?" என்று வீட்டுக்குப் போய் மாத்திரையை நிறுத்துகிறார். இந்த வியாதியில் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அவர் இறந்துபோனால் "அவருக்கு விசுவாசம் குறைவு" என்று பேசுவோம். குறைந்தது அவருடைய விசுவாசமா, நம்முடைய உண்மையா?

தேவனுடைய மகிமைக்கு நம் பொய் தேவையில்லை. "ஜெபித்தேன், டாக்டர் கருவி வைத்தார், மாத்திரை சாப்பிடுகிறேன், இன்று உயிரோடிருக்கிறேன், கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று முழுவதையும் சொல்லுங்கள். அந்தச் சாட்சியால் கடைசி வரிசையில் இருப்பவரும் பிழைப்பார்.

மெஷின் தேவன் அல்ல

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். கருவி வைத்தால் சாவே வராது என்று நினைப்பதும் மாயை. 2005-ல் வெளியான ஒரு பெரிய ஐரோப்பிய ஆய்வில் இப்படிப்பட்ட 813 நோயாளிகளைச் சேர்த்தார்கள். ஏறக்குறைய இரண்டரை வருஷத்தில், மாத்திரை மட்டும் பெற்ற 404 பேரில் 120 பேர் இறந்தார்கள். மாத்திரையோடு கருவியும் பெற்ற 409 பேரில் 82 பேர் இறந்தார்கள். அதாவது 100-க்கு 30 என்பது 20 ஆகக் குறைந்தது. அந்தப் பத்துப் பேர் யாரோ ஒருவருடைய தகப்பன், யாரோ ஒருவருடைய தாய். அது அற்ப காரியமல்ல. ஆனாலும் 20 பேர் போய்விட்டார்கள். கருவி வைத்தும் எதிர்பார்த்த பலன் காணாதவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர். ஆகையால் ஜெபத்துக்கு வேலை முடிந்துவிட்டது என்று யாரும் எண்ணவேண்டாம்.

"சாகுற நேரத்துல அந்த மெஷின் உசுரைப் போகவிடாம பிடிச்சு வெச்சுக்குமாமே?" என்று முதியவர்கள் கேட்கிறார்கள். இல்லை, பெரியம்மா. கருவி தட்டிக் கூப்பிடத்தான் முடியும். ஜீவன் போன தசை பதில் கொடுக்காது. உடம்புக்குள் முழுவதுமாக வைக்கப்பட்ட முதல் பேஸ்மேக்கர் சுவீடன் தேசத்தில் 1958 அக்டோபர் 8-ந் தேதி ஆர்னே லார்சன் என்பவருக்கு வைக்கப்பட்டது. அவருடைய மனைவி, நியாயாதிபதியை விடாமல் கேட்ட விதவையைப்போல, மருத்துவரையும் பொறியாளரையும் விடாமல் கேட்டு அதைச் செய்ய வைத்தார். முதல் கருவி சில மணி நேரமே ஓடியது. அவர் வாழ்நாளில் 26 கருவிகள் மாற்றப்பட்டன. தன்னைப் பிழைக்கவைத்த மருத்துவரும் பொறியாளரும் இறந்த பிறகும் இருந்து, 2001-ல் 86-ம் வயதில், புற்றுநோயால் காலமானார். பேஸ்மேக்கர் அவருக்கு 43 வருஷத்தைக் கொடுக்க உதவியது. மரண நாளை இல்லாமலாக்கவில்லை.

சிலருக்கு வைக்கிற கருவியில் ஆபத்தான துடிப்பு வந்தால் ஷாக் கொடுக்கிற வசதியும் இருக்கும். வேறு வியாதியால் மரணம் நெருங்கிவிட்டவருக்கு அந்த ஷாக் வேதனையைத்தான் கொடுக்கும். அறுவை செய்யாமலேயே அதை மாத்திரம் நிறுத்திவைக்க டாக்டரால் முடியும். அது கொலை அல்ல. சமாதானத்தோடே போக வழிவிடுவது. இதை நோயாளி பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே டாக்டரோடும் குடும்பத்தோடும் பேசிக்கொள்ளுங்கள்.

சபை என்ன செய்யவேண்டும்?

ஜெபிப்போம், கைகளை வைத்து ஜெபிப்போம், அதை விடவேண்டாம். ஆனால் மாத்திரையை நிறுத்து என்று யாரும், எந்த ஊழியக்காரரும் சொல்லவேண்டாம். உபவாச நாட்களில் இப்படிப்பட்டவர்கள் தண்ணீரும் மாத்திரையும் இல்லாமல் இருப்பது ஆபத்து. டாக்டரைக் கேட்டுத்தான் உபவாசம். ஊறுகாய், கருவாடு போன்ற உப்பு அதிகமானவைகளை அவர்களுக்கு அன்போடே பரிமாறாதிருங்கள்! கருவி வைத்த புதிதில் அந்தத் தோளை ஓங்கித் தட்டி ஜெபிக்கவேண்டாம். பெரிய ஸ்பீக்கர் பெட்டிக்குள் காந்தம் இருக்கிறது. கருவி உள்ளவர்கள் அதன்மேல் நெஞ்சைச் சாய்க்கவேண்டாம். செல்போனை மறுபக்கத்துப் பையில் வையுங்கள்.

காசைப் பற்றியும் வெட்கப்படாமல் கேளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இடமுண்டு. எந்தக் கருவிக்கு எவ்வளவு கிடைக்கும் என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் முன்னமே விசாரியுங்கள். படிக்கத் தெரியாதவரோடு ஒரு வாலிபத் தம்பியை அனுப்புங்கள். மலை இறங்கிக் கோயம்புத்தூர் போய்த் திரும்ப ஒரு நாள் கூலி போகும். அந்தக் கூலியைச் சபை கொடுக்கட்டும். அவர் ஆஸ்பத்திரியில் இருக்கிற நாட்களில் வீட்டில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது யார், பிள்ளைகளுக்குச் சோறு போடுவது யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். சமாரியன் செய்தது இதுதான்.

தேவனுடைய பிள்ளையே! உன் இருதயத்தைச் சிருஷ்டித்தவர் அதின் தாளத்தை அறிவார். ஜெபத்தினால் அவர் தொட்டாலும் ஸ்தோத்திரம், டாக்டருடைய கையைக்கொண்டு தொட்டாலும் ஸ்தோத்திரம். இன்று மேடு ஏறும்போது மூச்சு வாங்குகிறதா? நாளைக்கே போய் ஒரு ஈசிஜி எடுத்துக்கொள். போகும்போது பாஸ்டரிடம் சொல்லிவிட்டுப் போ. நாங்கள் முழங்காலில் இருப்போம். உன் விசுவாசத்தைப் பற்றி ஒருவரும் உன்னைக் குற்றப்படுத்தாதபடி கர்த்தர் உன்னைக் காப்பாராக. ஆமென்.